ஜகார்த்தா மைதானத்தில் இரண்டு வெற்றிகள்

(நமது அறக்கட்டளை நடத்திய இளைஞர் கால்பந்துப் போட்டியின் பரிசளிப்பு நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியோர்களே, தாய்மார்களே, கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி என்று பல ஊர்களிலிருந்து வந்து ஆடிய அன்புத் தம்பிகளே!

பரிசு வாங்கக் காத்திருக்கும் பிள்ளைகளை நெடுநேரம் உட்கார வைப்பது நியாயமில்லை. ஆனால் இந்தப் போட்டியை அறிவித்த நாளிலிருந்து நம் பெரியவர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்டு வருகிறார்கள். கைம்பெண்களுக்கு உதவித்தொகை, ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு, நோயாளிகளுக்கு மருந்து என்று செய்து வரும் அறக்கட்டளைக்குப் பந்தாட்டம் எதற்கு என்பதே அந்தக் கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். ஜகாத் நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூட இதற்கு எடுக்கப்படவில்லை, இதற்கென்று தனியாகத் தந்தவர்களின் பணத்தில்தான் நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதிப் பதிலைச் சொல்லத்தான் இந்த உரை.

விளையாட்டை நம் மார்க்கம் வெறுக்கவில்லை. பெருநாள் அன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு ஆடியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் அதைப் பார்த்து மகிழ்ந்தார்கள். இன்னொரு செய்தி புகாரியில் அனஸ் (ரலி) அவர்கள் வழியாக வருகிறது. நபியவர்களிடம் அள்பா என்ற ஒட்டகம் இருந்தது. அதை ஓட்டத்தில் எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒரு நாள் ஒரு கிராமத்து அரபி தன் இளம் ஒட்டகத்தில் வந்தார், அள்பாவை முந்திவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த தோழர்களுக்கு அது பெரும் வருத்தமாகிவிட்டது. அவர்கள் முகத்தைப் பார்த்தே நபியவர்கள் அதை அறிந்துகொண்டார்கள். இவ்வுலகில் உயர்ந்து நிற்கும் எதையும் ஒரு நாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று விளக்கினார்கள். முந்திய அந்தக் கிராமத்து மனிதர் மீது ஒரு கடுஞ்சொல்லும் வரவில்லை.

யாரும் எதிர்பாராதவர் ஜெயிக்கும்போது பார்த்துக்கொண்டிருப்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு நமக்கு அங்கேயே பாடம் இருக்கிறது.

2022இல் கத்தாரில் மொராக்கோ அணி பெல்ஜியத்தையும் ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் வீழ்த்தி அரையிறுதிக்குப் போனதை இங்குள்ள பிள்ளைகள் எல்லோரும் அறிவீர்கள். ஓர் ஆப்பிரிக்க நாடு உலகக் கோப்பையில் அவ்வளவு தூரம் போனது அதுவே முதல் முறை. ஆனால் கோப்பையையே வென்ற கதைகள் இரண்டு உண்டு. இரண்டும் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில், ஒரே மைதானத்தில் நடந்தவை. ஒன்று நம் நாட்டுக் கதை.

1962 ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். அதனால்தான் எல்லோருக்கும் அவர் ரஹீம் சாஹிப். அப்போது புற்றுநோய் அவர் உடலைத் தின்றுகொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்றோம். அடுத்து தாய்லாந்துடன் ஆடியபோது தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலை உடைந்து தையல் போட வேண்டியதாயிற்று. கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், நீலகிரியில் வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியில் ஆடி வளர்ந்தவர், காய்ச்சலில் படுத்துவிட்டார். இந்த அணி தங்கம் வெல்லும் என்று யார் சொல்லியிருப்பார்கள்?

இதற்கு மேல் இன்னொரு சோதனை. அந்தப் போட்டிக்கு இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்கவில்லை. அப்படியானால் இதை ஆசியப் போட்டி என்று அழைக்க முடியாது என்ற கருத்தை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி. டி. சோந்தி முன்வைத்தார். ஊர் கொதித்தது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. செப்டம்பர் 4ஆம் தேதி இறுதிப் போட்டிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கூடியிருந்தார்கள். நம் தேசிய கீதம் ஒலித்தபோது கூச்சல் போட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் நம் மார்க்கத்தவர்கள்தான். அவர்கள் கோபம் ஒரு நிர்வாகியின் பேச்சின் மீது. அதைச் சுமந்தவர்களோ அந்தப் பேச்சுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத 11 வீரர்கள். ஒருவர் சொன்ன சொல்லுக்கு ஒரு கூட்டத்தையே பழித்தால் எவ்வளவு வலிக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த வலியை அறிந்த நாம் அதை இன்னொருவருக்குக் கொடுக்கலாமா?

அத்தனை கூச்சலுக்கு நடுவில் இந்தியாவுக்காகக் குரல் கொடுத்த சிலரும் அங்கே இருந்தார்கள். அவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி அணியினர்! ஹாக்கி இறுதியில் இந்தியாவைத் தோற்கடித்துத் தங்கம் வென்றவர்கள் அவர்கள். களத்தில் எதிராளியாக நின்றவர்கள், நம் பிள்ளைகள் தனித்து நின்றபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து உற்சாகப்படுத்தினார்கள். அன்றைய ஆட்டக்காரர்கள் முதுமை வரை நன்றியோடு அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் என்ன ஆயிற்று? 17ஆம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜி ஒரு கோல். 20ஆம் நிமிடத்தில், தலையில் தையலோடு முன்னணியில் ஆட வைக்கப்பட்ட ஜர்னைல் சிங் ஒரு கோல். கோல் கம்பத்தில் நோயிலிருந்து எழுந்து வந்த தங்கராஜ். கொரியா கடைசி நேரத்தில் ஒன்று போட்டது. 2-1. தங்கம் நமக்கு. வங்காளத்துச் சுனி கோஸ்வாமி தலைவர், பஞ்சாபிலிருந்து ஜர்னைல், ஹைதராபாத்திலிருந்து யூசுஃப் கான். ரஹீம் சாஹிப் இவர்களில் யாரையும் என் ஆள், உன் ஆள் என்று பார்க்கவில்லை. 1963 ஜூன் 11 அன்று அவர் இறந்துபோனார். ஆசியப் போட்டிக் கால்பந்தில் அதன் பிறகு இந்தியா தங்கம் வென்றதே இல்லை. ஆளை உருவாக்கும் ஆசிரியர் ஒருவரை இழந்தால் ஒரு சமுதாயம் எவ்வளவு காலம் அதற்கு விலை கொடுக்கிறது என்பதற்கும் இதுவே கணக்கு.

அடுத்தது 2007 ஜூலை 29. அதே மைதானம், ஆசியக் கோப்பை இறுதி. ஈராக்கும் சவூதி அரேபியாவும். சவூதி மூன்று முறை கோப்பையை வென்ற அணி. ஈராக்கோ போரில் கிழிந்துகிடந்த நாடு. சொந்த மண்ணில் ஆட முடியாத அணி. பயிற்சியாளர் ஜோர்வான் வியேரா பிரேசில் நாட்டவர்; அவர் பொறுப்பேற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. அணியில் சுன்னிகள், ஷியாக்கள், குர்துகள் எல்லோரும் இருந்தார்கள். ஊரில் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த காலம் அது.

அரையிறுதியில் தென்கொரியாவைப் பெனால்டியில் வென்ற அன்று பாக்தாத்தில் மக்கள் வீதிக்கு வந்து கொண்டாடினார்கள். அந்தக் கூட்டங்களுக்குள் கார் குண்டுகள் வெடித்தன. குறைந்தது 50 பேர் இறந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிவூன். நம் வெற்றிதானே இவர்களை வீதிக்கு வரவழைத்தது என்று வீரர்கள் உடைந்துபோனார்கள். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், கோப்பையை வென்று வாருங்கள் என்று தொலைக்காட்சியில் கேட்டதைப் பார்த்தே மீண்டும் களம் இறங்கியதாகப் பின்னர் சொன்னார்கள்.

இறுதி ஆட்டத்தில் ஹவார் முல்லா முகம்மது என்ற குர்து வீரர் கார்னரிலிருந்து பந்தை அனுப்ப, அணித் தலைவர் யூனிஸ் மஹ்மூத் தலையால் முட்டி கோலாக்கினார். 1-0. அன்று பாக்தாத், பஸ்ரா, குர்துகளின் எர்பில் என்று எல்லா ஊரிலும் மக்கள் ஆடிப்பாடினார்கள். ஒரு கோப்பையால் போர் நின்றுவிடவில்லை, அது உண்மை. ஆனால் சேர்ந்து மகிழ முடியும் என்பதை அந்த மக்கள் தங்கள் கண்ணாலேயே கண்டார்கள்.

அந்த மகிழ்ச்சியிலும் ஒரு கறை விழுந்தது. கொண்டாட்டத்தில் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். மேலே போன குண்டு கீழே வந்துதானே ஆக வேண்டும்? அதில் சிலர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றவன் எதிரியில்லை. கூடச் சேர்ந்து மகிழ்ந்தவனே.

தம்பிகளே, நம் பள்ளத்தாக்கில் துப்பாக்கி இல்லை. ஆனால் சைலன்சர் கழற்றிய பைக் இருக்கிறது. ஒரு வண்டியில் மூன்று பேர் ஏறிக் கம்பம்–குமுளி சாலையில் கூச்சலோடு போவது இருக்கிறது. அதிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏற வேண்டிய தாய்மார்கள் தூங்கும் நேரத்தில் வெடி வெடிப்பது இருக்கிறது. மலைக்கு அந்தப்பக்கம், கோழிக்கோடு மாவட்டம் புல்லாவூரில் 2022இல் ஆற்றுக்குள் மெஸ்ஸிக்கு 30 அடி கட்அவுட் வைத்தார்கள், உலகமே பார்த்தது. அதைப் பார்த்து இங்கும் ஃபிளெக்ஸ் வைக்க ஆசை வருகிறது. ஒரு ஃபிளெக்ஸ் காசில் ஒரு பிள்ளைக்கு விளையாட்டுக் காலணி வாங்கலாம். இரவு முழுக்க ஆட்டம் பார்த்துவிட்டுச் சுபுஹை விட்டுவிட்டால், அந்த வெற்றியில் உனக்குக் கிடைத்தது என்ன?

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பந்து விளையாடினால் படிப்பு கெடும் என்று பிள்ளையைப் பூட்டி வைக்காதீர்கள். மாலையில் மைதானத்தில் இருக்கும் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியும். மைதானம் இல்லாத பிள்ளை எங்கே போகிறான் என்று பல அத்தாக்களுக்குத் தெரிவதில்லை. கஞ்சாவும் போதை மாத்திரையும் நம் தெருவுக்கு வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். அறக்கட்டளைக்குப் பந்தாட்டம் எதற்கு என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்.

இந்தப் போட்டியில் தெருவுக்கு ஓர் அணி, ஜமாஅத்துக்கு ஓர் அணி என்று வைக்காமல் சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளைப் பிரித்தோம். முஸ்லிம் அல்லாத பிள்ளைகளும் ஆடினார்கள். சில பெரியவர்களுக்கு அதில் மனக்குறை இருந்தது. அடுத்த ஆண்டும், இன்ஷா அல்லாஹ், அப்படித்தான் நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தனித்தனியாக நின்று தொழும் பிரச்சினைகளை ஒரு பந்து தீர்க்காது. ஆனால் ஒரே அணியில் ஆடிய இரண்டு பையன்கள் நாளை இரண்டு ஜமாஅத்துக்கு நிர்வாகிகளாக வந்தால், பேசத் தொடங்குவதற்கு அவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கும்.

இப்போது தோற்ற அணிக்கு முதலில் பதக்கம் போடப் போகிறோம். ஜெயித்தவர்கள் எழுந்து நின்று கைதட்டுங்கள். தாய்மார்களே, நீங்களும் தட்டுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு நல்ல உடலையும், நல்ல ஆசிரியர்களையும், வெற்றியில் பணிவையும் தோல்வியில் பொறுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.