உப்பேறும் நிலம்: சேரியிலிருந்து சில கேள்விகள்

(நாகை மாவட்டக் கடைமடைப் பகுதித் தோழர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிடுவாங்க. இன்றைக்குப் பருவநிலை மாற்றம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் விஞ்ஞானி இல்லை. வங்கியில் எழுத்தர். சிட்டா, அடங்கல், பட்டா என்று நாள் முழுக்கக் காகிதத்தோடு மல்லுக்கட்டுகிறவன். அந்தக் காகிதத்தின் பக்கமிருந்தே பேசுகிறேன்.

முதலில் கடல். 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்று ஐ.நா.வின் பருவநிலை அறிவியலாளர் குழு 2021இல் சொன்னது. ஏறக்குறைய ஒரு சாண். ஒரு சாண்தானே என்று தோன்றும். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் நிலம் கடல்மட்டத்தை ஒட்டித்தான் கிடக்கிறது. ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடினால் கடலைத் தள்ளி நிறுத்தும். ஓடாத மாதங்களில் கடல் ஆற்றுக்குள் ஏறி வரும். நிலத்தடி நீரை மோட்டார் போட்டு உறிஞ்ச உறிஞ்ச, அடியில் உப்புநீர் உள்ளே நகரும். ஊர் மேட்டில் இருக்கிறது, சேரி பள்ளத்தில் இருக்கிறது. வெள்ளமோ உப்போ, முதலில் எந்தக் கிணற்றைத் தொடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைச் சமாளிக்க 'உள்ளூர்ச் சமுதாயம்' செயல்பட வேண்டும் என்கிறார்கள். 2022இல் தமிழ்நாடு பருவநிலை மாற்ற இயக்கம் தொடங்கி, மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் அமைப்பு வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் 'சமுதாயம்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கணும். ஊரையும் சேரியையும் ஒரே பாயில் உட்கார வைத்ததாகப் பாவனை செய்கிற சொல் அது. குழுவில் யார் உறுப்பினர்? நிலம் உள்ளவர். நிலம் யாரிடம்? இந்தக் கேள்வியைத் தொடாத சூழலியல் பேச்சு ஊருக்கான பேச்சாகவே முடியும்.

இந்த மண்ணிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1990களில் இங்கே இறால் பண்ணைகள் பெருகின. நெல் விளைந்த வயலை வெட்டிக் குளமாக்கிக் கடல்நீரை ஏற்றினார்கள். நடவு போச்சு, களை போச்சு, அறுப்பு போச்சு. குடிதண்ணீர் உப்பாச்சு. எதிர்த்து நின்றவர்களில் பெரும்பகுதி கூலிவேலை செய்த நம் பெண்கள். 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு கீழத்தஞ்சைக்கு வந்தவர் கிருஷ்ணம்மாள். தலித் குடும்பத்தில் பிறந்தவர். அவரும் ஜெகந்நாதனும் 1981இல் தொடங்கிய லாஃப்டி இயக்கம் நிலத்தை வாங்கித் தலித் பெண்கள் பெயரில் எழுதிக்கொண்டிருந்தது. அந்த நிலத்துப் பக்கத்தில்தான் உப்புக் குளம் வந்தது. ஜெகந்நாதன் வழக்குத் தொடுத்தார். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கிற நவீன இறால் பண்ணைகளை இடிக்க வேண்டும், விளைநிலத்தைப் பண்ணையாக்கக் கூடாது என்று 1996 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலை இழக்கும் பண்ணைத் தொழிலாளிக்கு 6 ஆண்டு ஊதியம் தரவும் சொன்னது. அப்புறம் 2005இல் தனிச் சட்டம் கொண்டுவந்து பண்ணைகளுக்கு வழி திறந்துவிட்டார்கள். அந்தச் சட்டத்தில் இருந்த சிறைத் தண்டனையையும் 2023இல் எடுத்துவிட்டு அபராதமாக்கினார்கள்.

'பருவநிலை' என்ற சொல் நம் காதில் விழுவதற்கு முன்பே நடந்த போராட்டம் இது. இதைக் கடற்கரைப் பாதுகாப்பு என்று மட்டும் எழுதிவைத்தால் பாதிதான் உண்மை. அது நிலத்துக்கான போராட்டம். சொந்த நிலம் இருந்தவளால்தான் 'என் வயல் உப்பாகிறது' என்று நின்று சொல்ல முடிந்தது.

இப்போது கஜாவுக்கு வருவோம். 2018 நவம்பர் 16. விழுந்த தென்னைக்கு மரக்கணக்கில் நிவாரணம் கொடுத்தார்கள். மரம் பட்டாதாரருடையது. அதில் ஏறிக் காய் பறித்தவன், காய் சுமந்தவள், கீற்று முடைந்தவள் எந்தக் கணக்கில் வருவார்கள்? புதுக் கன்று காய்க்க 5, 6 வருஷம் ஆகும். அத்தனை வருஷமும் அந்தத் தோப்பில் கூலி கிடையாது. பயிர்க் காப்பீட்டுக்கும் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். கவுன்ட்டரில் நிற்கிற அம்மா கேட்கும்: "தம்பி, பாடுபட்டது நானு. பேரு அவங்க பேருல இருக்கு. பணம் யாருக்கு வரும்?" காகிதம் என்ன பதில் சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். குத்தகைதாரரைப் பதிவு செய்ய 1969லேயே சட்டம் வந்துவிட்டது. பதிவு கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்ற பயம் அதை முடக்கி வைத்திருக்கிறது.

அலையாத்திக் காடு இன்னொரு உதாரணம். பிச்சாவரத்தில் பழைய காலத்தில் மொத்தமாக மரம் வெட்டியதால் மண் குழிந்து, கடல்நீர் தேங்கிக் காய்ந்து, உப்பு ஏறி, கன்று பிடிக்கவில்லை. மீன் முள் மாதிரிக் கால்வாய் வெட்டி ஓதநீர் வந்து போக விட்டதும் காடு திரும்பியது. முத்துப்பேட்டையிலும் அப்படியே செய்தார்கள். 2004 டிசம்பர் 26இல் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளுக்குச் சேதம் குறைவு. இது நல்ல வேலை. ஆனால் கால்வாய் வெட்டும் கைகளுக்குக் கூலி நாளோடு உறவு முடிந்துவிடக் கூடாது. கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கிற இருளர்களுக்கும் அந்தக் காட்டைப் பற்றிய முடிவில் பங்கு வேணும்.

உவர் தாங்கும் குழியடிச்சான் விதைநெல் தருகிறார்கள். சரி, விதைக்க நிலம்?

ஆகவே நாம் என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

ஒன்று: சேரிக் கிணறு, கைப்பம்புத் தண்ணீரின் உப்பை மாதாமாதம் அளந்து தேதியோடு நோட்டில் எழுதுங்கள். மாணவர்கள் கல்லூரி ஆய்வகத்தின் உதவியைக் கேட்கலாம். கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. அந்த நோட்டை அங்கே வைத்துத் தீர்மானம் கேளுங்கள்.

இரண்டு: புயலுக்கு முன்பே கூலிக்காரர் பட்டியலை நாமே தயாரித்து வைப்போம். எந்தத் தோப்பில், எந்த வயலில், எத்தனை நாள் வேலை என்று பெயரோடு. சுனாமி நிவாரணத்தில் தலித்துகள் பட்டியலில் விடுபட்டதும், முகாம்களில் ஒதுக்கி வைக்கப்பட்டதும் அன்றைக்கே பதிவானவை. புயல் முடிந்த பிறகு பெயர் சேர்க்க அலைவதில் பயனில்லை.

மூன்று: குப்பத்து மீனவர்களோடு பேசணும். அவர்கள் கரையையும் கடல் அரிக்கிறது. விலகி நின்றால் லாபம் பண்ணை முதலாளிக்குத்தான்.

நான்கு: குத்தகைப் பதிவுக்குத் தனி ஆளாகப் போனால் நிலம் பறிபோகும். சேரி முழுக்க ஒரே நாளில் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கணும். எத்தனை பேரைத்தான் நிலத்தைவிட்டு இறக்குவார்கள்?

மனு எழுத ஆள் வேணும்னா நான் வருகிறேன். ஞாயிறு எனக்கு ஒழியும். எந்தச் சேரியில் தொடங்குவது என்று இந்தக் கூட்டம் முடிவதற்குள் நீங்கள் சொல்லுங்கள்.