சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒரு மாதம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவியர் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் பழைய நினைவுகளைப் பேசுவது வழக்கம். நாங்கள் இன்று எங்கள் தாய்மாரின் கண்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கொழுந்து பறித்து எங்களைப் படிக்கவைத்த அந்தத் தலைமுறைக்கு இப்போது கண்ணில் வெள்ளை படரும் வயது.

வெள்ளை படர்வது என்றால் கண்ணின் வில்லை மங்கிப்போவது. அதை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைப்பார்கள். 1949 நவம்பரில் லண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் இதை முதலில் செய்தவர் ஹரோல்ட் ரிட்லி. போரில் விமானிகளின் கண்ணுக்குள் புகுந்த பேர்ஸ்பெக்ஸ் துண்டுகளைக் கண் பெரிதாக எதிர்க்கவில்லை என்று கவனித்துத்தான் அவர் அதே வகைப் பொருளில் வில்லை செய்தார்.

வில்லையைக் கண் ஏற்றுக்கொள்ளும். ஆனால், கத்தி பட்ட காயத்துக்கு அது பதில் சொல்லாமல் இருக்காது. காயம் பட்டதும் உயிரணுக்களின் மென்சவ்விலிருந்து அரக்கிடோனிக் அமிலம் வெளிவருகிறது. அதிலிருந்து புரொஸ்டகிளாண்டின்கள் உண்டாகின்றன. இரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன. கண் சிவக்கிறது, நோகிறது. விரல் வெட்டுப்பட்டு வீங்கினால் நாலு நாளில் ஆறிவிடும். கண்ணுக்கோ தெளிவுதான் உயிர். சிலருக்குச் சத்திரசிகிச்சை நன்றாக முடிந்து, பார்வையும் வந்து, நாலு ஆறு வாரத்தில் விழித்திரையின் நடுப்பகுதி நீர் கோத்து வீங்கி, பார்வை மறுபடி மங்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூட.

இதைத் தடுக்கத்தான் துளி மருந்து. பிரெட்னிசொலோன், டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீரொய்ட் மருந்துகள் அந்த அமிலம் வெளிவருவதையே குறைக்கின்றன. கெற்றோரோலக், நெபபெனக் போன்றவை அடுத்த படியை, புரொஸ்டகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கின்றன. அஸ்பிரினும் இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது என்று 1971இல் ஜோன் வேன் காட்டினார். 1982இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். ஸ்டீரொய்ட் துளி சிலருக்குக் கண் அழுத்தத்தைக் கூட்டும். கிருமியை எதிர்க்கும் சக்தியையும் குறைக்கும். அதனால்தான் வைத்தியர் அதைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறார். சொன்ன நாளுக்கு முன்னும் நிறுத்தக்கூடாது, பின்னும் போடக்கூடாது.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லவேண்டும். 2023 ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலையில் வெள்ளை எடுத்த சிலருக்கு, பிரெட்னிசொலோன் துளி பாவித்த பின் பார்வை பாதிக்கப்பட்டது. வேறு வைத்தியசாலைகளிலும் இப்படி நேர்ந்ததாகச் செய்தி வந்தது. அந்த மருந்தின் பாவனை நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு அமெரிக்காவிலும் கிருமி கலந்த செயற்கைக் கண்ணீர்த் துளியால் பலர் பார்வை இழந்தனர். "எனக்கு அந்த மருந்து வேணாம் புள்ள" என்று இன்று ஒரு தாய் சொன்னால், அதை அறியாமை என்று நாம் தள்ளிவிடமுடியாது. மருந்து கிருமியின்றி வருவதை உறுதிசெய்வது அரசின் கடமை. அதைக் கேட்பது நம் உரிமை. ஆனால், பயத்தில் துளியை விட்டுவிட்டால் இழப்பு அந்தத் தாய்க்குத்தான். அவருக்குப் பக்கத்தில் நின்று விளக்க ஆள் வேண்டும்.

போடும் முறை இலகு. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். பால் போன்ற மருந்தைக் குலுக்கவேண்டும். கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு துளி. போத்தல் நுனி கண்ணிலோ விரலிலோ படக்கூடாது. கண்ணை மூடி, மூக்கோரத்தை இரண்டு நிமிடம் மெதுவாக அழுத்தவேண்டும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. திறந்த திகதியை எழுதி, நாலு வாரத்தில் எறிந்துவிடவேண்டும். லேபல் ஆங்கிலத்தில் இருந்தால் ஒரு போத்தலில் சிவப்பு நூலும் மற்றதில் பச்சை நூலும் கட்டிவிடுங்கள். பக்கத்து வீட்டு மருந்தைக் கடன் வாங்கவேண்டாம். வைத்தியர் அனுமதிக்கும்வரை கொழுந்துக் கூடை சுமக்கவேண்டாம். நோவு கூடினால், சிவப்பு கூடினால், பார்வை குறைந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

சகோதரிகளே, நம்மில் பலர் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிறோம். சத்திரசிகிச்சைச் செலவுக்குப் பணம் அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். அதற்குப் பிறகு வரும் ஒரு மாதமும் நம்முடையதே. தினமும் ஒரு தடவை கோல் எடுத்து, "அம்மா, மருந்து போட்டாச்சா?" என்று கேளுங்கள். ஊரில் இருக்கும் நாங்கள், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத தாய்மாரின் வீட்டுக்குப் போய்ப் போட்டுவிடுகிறோம். சங்கத்தின் இரண்டாம் நூற்றாண்டை இந்தச் சின்ன வேலையோடு தொடங்குவோம்.