இரத்தக்காட்டேரியும் மாற்றுப் பிள்ளையும்
(ஒரு சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பேய்க் கதை. "பகுத்தறிவு பேசுகிற மேடையில் பேய்க் கதைக்கு என்ன வேலை?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. பேய் இல்லை என்று சொல்லிவிட்டால் மாத்திரம் போதாது. இல்லாத ஒன்று எப்படி ஊருக்குள் வந்தது? யார் கண்டார்கள்? யார் எழுதி வைத்தார்கள்? அதனால் யாருக்கு நஷ்டம்? இப்படிக் கணக்குக் கேட்டால்தான் அது நம்மை விட்டுப் போகும். ஆகவே உலகமெல்லாம் கதைப் புஸ்தகங்களாலும் சினிமாக்களாலும் பேர்போன இரத்தக்காட்டேரியையும், குழந்தைக் கதைகளில் வருகிற மாற்றுப் பிள்ளையையும் பற்றிக் கொஞ்சம் விசாரிப்போம்.

1897-ஆம் வருஷத்தில் அயர்லாந்துக்காரரான பிராம் ஸ்டோக்கர் என்பவர் "டிராகுலா" என்னும் நாவலை எழுதினார். செத்தும் சாகாத ஒரு பிரபு, பகலில் மண் நிரப்பிய பெட்டியில் படுத்திருந்து, இரவில் எழுந்து மனிதர் இரத்தத்தைக் குடிக்கிறான் என்பது கதை. கதை நடக்கும் டிரான்ஸில்வேனியா நாட்டை ஸ்டோக்கர் தம் வாழ்நாளில் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. புஸ்தகங்களைப் படித்தும் குறிப்புகளைச் சேர்த்தும் எழுதினார். அதில் குற்றமில்லை, கதையென்று சொல்லித்தான் விற்றார். ஆனால் அந்தக் கதைக்கு மூலப்பொருளாய் இருந்தவை கதைகளல்ல. மனிதர்கள் மெய்யென்று நம்பிச் செய்த காரியங்கள். அவற்றைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

1725-இல் செர்பியா நாட்டின் ஒரு பகுதி ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. அங்கே கிசிலேவோ என்ற கிராமத்தில் பீட்டர் பிளகோயெவிச் என்ற குடியானவர் இறந்துபோனார். சுமார் பத்து வாரங்களுக்குப் பின் எட்டு நாளைக்குள் ஒன்பது பேர் இறந்தார்கள். "செத்துப்போன பீட்டர் வந்து எங்கள் கழுத்தை நெரித்தான்" என்று அவர்கள் சாகும்போது சொன்னார்களாம். அவர் மனைவியோ, தன் புருஷன் வந்து செருப்பைக் கேட்டான் என்று சொல்லி ஊரைவிட்டே போய்விட்டாளாம். பேய்க்குச் செருப்பு எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை! கிராமத்தார் சர்க்கார் உத்தியோகஸ்தரிடம் போய், பிணத்தைத் தோண்ட உத்தரவு தராவிட்டால் ஊரையே காலி செய்துவிடுவோம் என்றார்கள். அந்த உத்தியோகஸ்தரும் ஒரு பாதிரியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். பிணம் அவ்வளவாக அழுகவில்லை; வாயில் இரத்தம் இருந்தது; நகமும் மயிரும் வளர்ந்திருந்தன என்று எழுதினார். ஜனங்கள் மார்பில் கழியைச் சொருகிப் பிணத்தை எரித்துவிட்டார்கள். உத்தியோகஸ்தர் ரிப்போர்ட்டை எப்படி முடித்தார் தெரியுமா? இதில் தவறு ஏதாவது இருந்தால் அது தன்னுடையதல்ல, பயத்தால் புத்தி கெட்ட கூட்டத்தாருடையது என்பதாக முடித்தார். படித்தவன் பயந்த கூட்டத்தின் பின்னால் போய்விட்டுப் பழியையும் அதன் தலையிலேயே போடுகிற வழக்கம் இன்று நேற்று ஏற்பட்டதல்ல என்பதற்கு இது ஓர் அத்தாட்சி.

அந்த ரிப்போர்ட்டு அதே வருஷம் வியன்னா பத்திரிகையில் அச்சாயிற்று. 1732-இல் மெட்வெஜா என்னும் மற்றொரு கிராமத்திலிருந்து ஒரு பட்டாளத்து வைத்தியர் இதே மாதிரி ரிப்போர்ட்டு எழுதினார். அங்கே பிணங்களின் தலையை வெட்டி எரித்துச் சாம்பலை மொராவா ஆற்றில் போட்டார்கள். சர்க்கார் முத்திரையோடு வந்த செய்தியாயிற்றே! ஜெர்மன் நாட்டுப் பண்டிதர்கள் இதைப் பற்றிப் புஸ்தகமாக எழுதித் தள்ளினார்கள். கிராமத்தான் பயத்தில் சொன்னதைப் பண்டிதன் அச்சில் போட்டவுடன் அது சாஸ்திரமாகிவிட்டது.

நிற்க, பிணத்தைப் பார்த்தவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. கண்டதைத்தான் சொன்னார்கள். பிணம் அழுகும்போது உள்ளே வாயு உண்டாகி வயிறு உப்பும்; செத்தவன் கொழுத்ததுபோல் தோன்றும். அந்த அழுத்தத்தால் நுரையீரலிலிருந்து கருஞ்சிவப்பு நீர் வாய்வழியாக வெளிவரும். அது இரத்தம் குடித்த வாயாகத் தோன்றும். தோல் சுருங்கிப் பின்வாங்குவதால் நகமும் மயிரும் வளர்ந்ததுபோல் இருக்கும். கழியைச் சொருகினால் அடைபட்ட வாயு தொண்டை வழியே வந்து முனகல் சத்தம் கேட்கும். குளிர்ந்த மண்ணில் பிணம் அழுகத் தாமதமாகும். இவ்வளவும் இயற்கை. கண் பார்த்தது மெய். புத்தி சொன்ன காரணந்தான் பொய். இதை நன்றாய் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், "நான் என் கண்ணால் பார்த்தேன்" என்று சொல்லுகிறவன் எதிரில் நாம் வாயடைத்துப் போகிறோம். பார்த்ததை மறுக்க வேண்டியதில்லை. அதற்கு அவன் சொல்லும் காரணத்துக்குத்தான் ருஜு கேட்க வேண்டும்.

1755-இல் இதேபோல் ஒரு பெண்ணின் பிணத்தைத் தோண்டி எரித்த செய்தி ஆஸ்திரிய அரசி மரியா தெரேசாவுக்கு எட்டியது. அவர் வைத்தியர்களை அனுப்பி விசாரித்தார். தமது பெரிய வைத்தியரான ஜெரார்ட் வான் ஸ்வீட்டனிடம் அபிப்பிராயம் கேட்டார். இவையெல்லாம் இயற்கைக் காரணங்களால் நேருகிறவை, மற்றது அறியாமை என்று அவர் எழுதினார். இனிமேல் இப்படிப் பிணத்தைத் தோண்டுவதும் எரிப்பதும் கூடாதென்று அரசி உத்தரவு போட்டார். மந்திரவாதியால் முடியாத காரியம் விசாரணையால் முடிந்தது.

ஆனால் நம்பிக்கை சாகவில்லை. கடல் தாண்டி அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாகாணத்து எக்ஸிட்டர் என்ற ஊரைப் பாருங்கள். அங்கே பிரவுன் என்ற குடியானவர் வீட்டில் க்ஷயரோகத்தால் தாய் இறந்தாள். பிறகு மூத்த மகள் இறந்தாள். 1892 ஜனவரியில் மெர்சி என்ற 19 வயதுப் பெண்ணும் இறந்தாள். மகன் எட்வின் படுக்கையில் கிடந்தான். "செத்தவர்களில் ஒருவர்தான் இவன் உயிரை உறிஞ்சுகிறார்" என்று அக்கம்பக்கத்தார் வற்புறுத்தி, மார்ச்சு மாதத்தில் சவங்களைத் தோண்டினார்கள். தாயும் மூத்த மகளும் எலும்பாகியிருந்தார்கள். மாரிக்காலக் குளிரில் இரண்டே மாதம் கிடந்த மெர்சியின் உடல் மட்டும் அழுகாதிருந்தது. கூட இருந்த வைத்தியர், இது சகஜம், நுரையீரலில் க்ஷயரோகக் குறி இருக்கிறது என்று சொன்னார். யார் கேட்டது? அவள் இருதயத்தை எடுத்து எரித்துச் சாம்பலைத் தண்ணீரில் கலந்து அண்ணனுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். மே மாதம் 2-ந் தேதி அவனும் செத்தான்.

தோழர்களே! க்ஷயரோகத்துக்குக் காரணம் ஒரு கிருமி என்று பெர்லினில் ராபர்ட் காக் வெளியிட்டது 1882-இல். அதாவது பத்து வருஷத்துக்கு முன்னமேயே காரணம் கண்டாகிவிட்டது. ஒரு வீட்டில் ஒருவர் செத்தால் அடுத்தடுத்து மற்றவரும் சாகிறார்கள் என்று அந்த ஜனங்கள் கண்டது சரி. ஆனால் இருமலில் பரவுகிற கிருமியைத் தேட வேண்டியவர்கள் சவக்குழியில் தேடினார்கள். அந்தப் பக்கத்து இந்த வழக்கத்தைப் பற்றி 1896-இல் நியூயார்க் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரை ஸ்டோக்கரின் குறிப்புகளுக்குள் கிடைத்திருக்கிறது. ஒரு ஏழைக் குடும்பத்தின் துக்கம் இப்படியாகத்தான் கதைக்காரர்களுக்குச் சரக்காகிறது.

இனி மாற்றுப் பிள்ளைக்கு வருவோம். குட்டித் தேவதைகள் வந்து தொட்டிலிலுள்ள குழந்தையைத் திருடிக்கொண்டு, தங்கள் அவலட்சணப் பிள்ளையை அங்கே போட்டுவிடும் என்பது ஐரோப்பியக் கிராமங்களின் நம்பிக்கை. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட கதைத் தொகுப்பிலும் இது உண்டு. முட்டை ஓட்டில் தண்ணீர் காய்ச்சினால் மாற்றுப் பிள்ளை சிரித்துவிடும். உடனே சொந்தப் பிள்ளை திரும்பி வந்துவிடும். கதைக்கு இது வேடிக்கைதான். வாழ்க்கையில் என்ன நடந்தது?

1895 மார்ச்சு மாதம் அயர்லாந்தில் டிப்பரேரி ஜில்லாவில் பிரிட்ஜெட் கிளியரி என்ற இளம் பெண் மார்புச் சளியால் படுத்தாள். வைத்தியர் வந்து மருந்து கொடுத்தார். பாதிரி வந்து பூசை செய்தார். புருஷனோ, இவள் என் மனைவியல்ல, தேவதைகள் மாற்றி வைத்த உரு என்றான். தகப்பனும் உறவினரும் அவளைப் பிடித்துக்கொள்ள, பச்சிலையைப் பாலில் காய்ச்சி வாயில் ஊற்றினார்கள். "நீ பிரிட்ஜெட்தானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "ஆம்" என்ற பதிலை நம்பவில்லை. முடிவில் புருஷன் அவளை எரித்தான். உண்மையான மனைவி வெள்ளைக் குதிரையில் வருவாள் என்று மூன்று இரவு காத்திருந்தான். கோர்ட்டில் அவனுக்கு 20 வருஷத் தண்டனை கிடைத்தது, 1910-இல் விடுதலையானான். பிரிட்ஜெட் மாத்திரம் திரும்பவில்லை.

தாய்மார்களே! அந்தப் பெண் தையல் தொழில் தெரிந்தவள். சொந்தத் தையல் இயந்திரம் வைத்திருந்தவள். கோழி வளர்த்துத் தன் கையால் காசு சம்பாதித்தவள். பக்கத்து வீட்டாருக்குச் சமமாய் நிமிர்ந்து நடக்கிற பெண் வேறு ஏதோ ஓர் உருவாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிற மனசு எங்கிருந்து வந்தது? யோசித்துப் பாருங்கள். புருஷன் மாறிவிட்டான் என்று எந்தப் பெண்ணாவது அவனை நெருப்பில் வைத்ததாகக் கதையுண்டா?

இவை பழைய காலத்துச் சங்கதி என்று தள்ளிவிடாதீர்கள். 2017-இல் ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் தென்பகுதியில் இரத்தக்காட்டேரி உலாவுகிறது என்ற வதந்தி கிளம்பி, கூட்டம் கூடிப் பலரை அடித்துக் கொன்றது. ஐக்கிய நாடுகள் சபை தன் ஊழியர்களை அப்பகுதியிலிருந்து வெளியேற்ற வேண்டி வந்தது. செத்தவர்கள் எல்லாரும் மனிதர்கள். காட்டேரி ஒன்றுகூடச் சாகவில்லை.

அப்படியானால் கதையையெல்லாம் கொளுத்திவிடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். கதை மனிதன் செய்தது. மனிதனே அதை மாற்றவும் செய்கிறான். பஞ்சத்தில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொன்னவள் பெற்ற தாய் என்று 1812-இல் அச்சிட்ட கிரிம் சகோதரர்கள், 1840-ஆம் வருஷப் பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். நம் விக்கிரமாதித்தன் வேதாளம் இரத்தம் கேட்டதில்லை; கேள்விதான் கேட்டது. 1870-இல் அதை இங்கிலீஷில் எழுதிய ரிச்சர்ட் பர்ட்டன் அதற்கு இரத்தக்காட்டேரி என்றே பெயர் வைத்துவிட்டார். ஆகவே பேயின் குணம், கோரைப் பல், பசி எல்லாம் எழுதுகிறவன் பேனாவிலிருந்து வருகிறவை என்பது விளங்கவில்லையா?

பிள்ளைகளுக்குக் கதை சொல்லுங்கள். கதையென்று சொல்லிச் சொல்லுங்கள். யாராவது அதை நிஜமென்று கொண்டுவந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். கண்டது என்ன? அதற்கு வேறு காரணம் உண்டா? இதை நம்பினால் அடி யார் மேல் விழும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் எப்போதும் ஏழை, நோயாளி, பெண், குழந்தை என்றே வரும். அந்த அடியைத் தடுப்பதுதான் பகுத்தறிவின் வேலை. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் மந்திரவாதியைத் தேடாமல் வைத்தியரைத் தேடுங்கள்.