கணக்கு உதைக்கும்போது



திருவண்ணாமலைச் சுற்றுவட்டாரத்தில் நெல்லும் மணிலாவும் விளைவிக்கும் வீட்டுப் பிள்ளைகளே இன்று இங்கே பட்டம் பெறுபவர்களில் அதிகம். எனவே யூரியாவிலிருந்து தொடங்குகிறேன். மேலுரம் போட வேண்டிய வாரத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் மூட்டை இல்லையென்றால் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். 2021 மே மாதம் ஒரு வர்த்தமானி (அரசிதழ்) அறிவிப்பு இலங்கை முழுவதற்கும் அந்த நிலையைக் கொண்டுவந்தது. ரசாயன உர இறக்குமதிக்குத் தடை. இயற்கை வேளாண்மைக்காக என்றார்கள். ஆனால் உரம் வாங்கும் கையிருப்பு டாலரும் கரைந்துகொண்டிருந்தது. இயற்கை வேளாண்மையை நான் குறை சொல்லவில்லை. ஒரே போகத்தில் ஒரு நாட்டையே மாற்றிவிடலாம் என்ற துணிச்சலைத்தான் சொல்கிறேன். நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் பெரும்போக விளைச்சல் கெட்டுவிட்டது. அரிசியில் தன்னிறைவு கண்டிருந்த நாடு அரிசிக்குக் கப்பலை எதிர்பார்த்து நின்றது.

வேளாண் அறிஞர்கள் எச்சரிக்காமல் இல்லை. அதைக் கேட்டாக வேண்டிய கட்டாயம்தான் ஆட்சியாளருக்கு இல்லை. 2019 நவம்பரில் 52 விழுக்காடு வாக்குகளுடன் கோட்டாபய ராஜபக்ச அதிபரானார். அண்ணன் மகிந்த பிரதமர். 2020 ஆகஸ்ட் நாடாளுமன்றத் தேர்தலில் 225 இடங்களில் 145 அவர்கள் கட்சிக்கு. அக்டோபரில் வந்த 20ஆவது திருத்தம் நீதிபதிகள், ஆணையங்கள் நியமனத்தை அதிபர் கையில் கொடுத்தது. அடுத்த ஆண்டு தம்பி பசில் நிதியமைச்சர். குடும்ப அட்டையா அமைச்சரவைப் பட்டியலா என்று சந்தேகம் வரும்.

கோட்டாபய பதவியேற்ற சில வாரங்களிலேயே மதிப்புக் கூட்டு வரி 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. வரி குறைந்தால் யாருக்குக் கசக்கும்? வருவாய் சரிந்தது, மத்திய வங்கி நோட்டடித்து ஈடுகட்டியது. கொரோனாவால் சுற்றுலா படுத்ததும், முந்தைய ஆட்சிகள் விட்டுச்சென்ற கடனும் உண்மைதான். ஆனால் வெள்ளம் வரும் நேரத்தில் கரையை வெட்டியவர்கள் இவர்கள். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பித்தர இயலாது என்று அறிவித்தார்கள். ஜூலை 13 அன்று அதிபர் நாட்டைவிட்டே போய்விட்டார். செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 விழுக்காட்டைத் தொட்டது.

இதெல்லாம் நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. 2022 மார்ச்சில் படகேறி வந்து தனுஷ்கோடி மணல்திட்டில் இறங்கிய தமிழ்க் குடும்பங்கள் குண்டுக்குப் பயந்து வரவில்லை, பால்மாவு விலைக்குப் பயந்து வந்தார்கள். மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து நாம் அரிசியும் பால்பவுடரும் அனுப்பினோம்.

2023 நவம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம், பொருளாதாரச் சீரழிவுக்கு ராஜபக்ச சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் ஜூலியன் போலிங், முன்னாள் ஒலிம்பிக் நீச்சல் வீரர்.

நாளை உங்களில் சிலர் வங்கியிலும் தாலுகா அலுவலகத்திலும் தணிக்கைத் துறையிலும் உட்காருவீர்கள். மேலதிகாரி நீட்டும் தாளில் கணக்கு உதைத்தால், கோப்பில் அதை எழுதிவையுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.