கூரைத் துவாரமும் சூரிய வட்டமும்

"ஒளி நேர்கோட்டிற் செல்லும்." பௌதிகவியல் நூலிலே, ஒளி பற்றிய அதிகாரத்தில் மாணவன் முதலிற் சந்திக்கும் விதி இதுவே. மூன்றே சொற்கள். மனனஞ் செய்வதற்கு ஒரு நிமிடமும் வேண்டா. பரீட்சையில் எழுதினாற் புள்ளியும் கிடைக்கும். ஆனால், விதியை அறிந்தவன் ஒளியை அறிந்தவனாவானா?

கிடுகு வேய்ந்த ஓர் அடுக்களையை நினைத்துக்கொள்க. கூரையின் பொத்தல்களூடே காலை வெயில் இறங்குகின்றது. அடுப்புப் புகையிலே அக்கதிர்கள் ஈட்டி போல் நேராகத் தெரிகின்றன. விதி மெய்யாயிற்று என்று மாணவன் மகிழலாம். ஆனால், நிலத்தில் விழுந்த வெயிற்பொட்டுகளை அவன் சற்றே குனிந்து நோக்குவானாயின் மகிழ்ச்சி குலையும். கிடுகின் பொத்தல்களில் ஒன்று சதுரம், ஒன்று முக்கோணம், ஒன்று வெறுங் கீறல். பொட்டுகளோ பெரும்பாலும் வட்டம்! ஒளி நேரே செல்வதானால், சதுரத் துவாரத்தின் வழி வந்தது சதுரமாகவன்றோ விழவேண்டும்? நூல் பிழையா, கண் பிழையா என்று இவ்விடத்திலே மாணவன் கலங்கவேண்டும். நம் வகுப்பறைகளிற் பெரும்பாலோர் கலங்குவதில்லை. விதி ஒருபுறமும் வெயிற்பொட்டு மறுபுறமும் ஒன்றையொன்று அறியாமலே கிடக்கின்றன.

கேள்வி மிகப் பழையது. அரிஸ்டோட்டிலின் பெயரால் வழங்கும் 'பிரச்சினைகள்' என்னும் நூலிலே இது கேட்கப்பட்டிருக்கின்றது. வட்ட வடிவை நாடுவது ஒளியின் இயல்பு என்று பிற்காலத்தார் சிலர் சொல்லி அமைந்தனர். பசுரா நகரிற் பிறந்த இபுனு அல் ஹைதம், துவாரத்தினூடே விழும் கிரகண உருவத்தை ஆராய்ந்து தனிநூலே இயற்றினார். ஐரோப்பாவிலே தெளிவான விளக்கம் அச்சேறியது 1604இல். தந்தவர் யோகான் கெப்பிளர். 1600ஆம் ஆண்டு யூலை 10ஆந் திகதி, கிராட்ஸ் நகரில் ஒரு சூரிய கிரகணத்தைத் துவாரத்தின் வழி நோக்கியபின் இச்சிக்கல் அவரைப் பற்றிக்கொண்டது.

கெப்பிளர் செய்த பரிசோதனைக்குக் கண்ணாடிவில்லையும் வேண்டியதில்லை, விளக்கும் வேண்டியதில்லை. ஒரு புத்தகத்தை உயரத்திலே தொங்கவிட்டார். அதுவே ஒளிரும் பொருள். அதற்கும் நிலத்திற்கும் இடையே, பல மூலைகள் கொண்ட துவாரமுள்ள ஒரு பலகையை வைத்தார். புத்தகத்தின் ஒரு மூலையிலே நூலைக் கட்டி, அதனைத் துவாரத்தினூடே நிலம்வரை இழுத்து, துவாரத்தின் விளிம்பைத் தொட்டவாறே சுற்றி வரைந்தார். இழுத்துப் பிடித்த நூல் ஓர் ஒளிக்கதிர். நிலத்தில் எழுந்தது துவாரத்தின் வடிவம். அடுத்த மூலையிலிருந்து வரைந்தபோது அதே வடிவம் சற்று விலகி விழுந்தது. இவ்வாறு ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரைய வரைய, துவார வடிவங்கள் ஒன்றன்மேலொன்று படிந்து, ஈற்றில் நிலத்திலே நின்றது புத்தகத்தின் நாற்கோண உருவம்!

புத்தகத்தின் இடத்திலே சூரியனை வைத்தால் விடை வந்துவிடும். சூரிய வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே ஒரு சிறு சதுரத்தை நிலத்தில் இடுகின்றது. அச்சதுரங்கள் அனைத்தும் கூடி வட்டமாகின்றன. ஐயமுள்ளவன் துவாரத்துக்கு மிக அண்மையிலே ஒரு தாளைப் பிடிக்கட்டும், சதுரமே தெரியும். தாளை மெல்லக் கீழிறக்கினால், சதுரத்தின் மூலைகள் மழுங்கி வட்டம் பிறப்பதைக் காண்பான். ஆகவே விதி பிழையன்று; சூரியனை ஒரு புள்ளியென்று கொண்டதே பிழை.

இவ்வளவும் விளங்கிய மாணவனுக்கு ஓர் அடிக்கோலே போதும், சூரியனை அளந்துவிடலாம். மிகச் சிறிய துவாரத்திலிருந்து, கதிரின் சாய்வு வழியே 9 அடி தள்ளி, கதிருக்குச் செங்குத்தாகத் தாளைப் பிடித்தால், வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய 1 அங்குலம் இருக்கும். செங்குத்தாகப் பிடியாவிட்டால் நீள்வட்டமே கிடைக்கும். அவசரக்காரர் வழுவுவது இங்கேதான். 9 அடி என்பது 108 அங்குலம். சூரியனின் தூரமாகிய 9 கோடியே 30 இலட்சம் மைலை 108ஆற் பிரித்தால், அதன் குறுக்களவு சுமார் 8 இலட்சத்து 60 ஆயிரம் மைல் என வரும். வானியலார் கூறுங் கணக்கும் ஏறக்குறைய அதுவே.

2010ஆம் ஆண்டு சனவரி 15ஆந் திகதி, நண்பகலுக்குப் பின், யாழ்ப்பாணத்திற் கங்கண சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அச்சில நிமிடங்களில், மரநிழலில் விழும் வெயிற்பொட்டுகள் வளையங்களாயின. இலைகளின் இடுக்குகள் மாறவில்லை; மாறியது சூரியனின் உருவம் ஒன்றே.