இரு நிலையங்களுக்கு நடுவே



இந்தக் கருத்தரங்கில் படிக்கவிருக்கும் கட்டுரைகளின் சுருக்கங்களைப் பார்த்தேன். தண்டவாளம், கட்டண அட்டை, பேருந்துத் தடம் என எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. ஒரு ரயிலை விட்டு இறங்கியவர் அடுத்த வண்டியைப் பிடிக்க நடக்கிறாரே, அந்த முந்நூறு நானூறு மீட்டரைப் பற்றி எழுத ஆள் குறைவு. கோலாலம்பூரிலும் நெடுங்காலம் அதுதான் நிலைமை. எனக்குத் தந்திருக்கும் நேரத்தை அந்தத் துண்டு வழிக்கே செலவிடுகிறேன்.

கொமுட்டர் ரயில் 1995இல் வந்தது. ஸ்டார் எல்.ஆர்.டி. எனும் இலகு ரயில் 1996இல், புத்ரா எல்.ஆர்.டி. 1998இல், விமான நிலைய விரைவு ரயில் 2002இல், மோனோரெயில் 2003இல். ஐந்தையும் தொடங்கியவை ஐந்து நிறுவனங்கள். அவரவர் பொறுப்பு அவரவர் நிலைய வாசலோடு முடிந்தது. வாசலுக்கு வெளியே சாலை மாநகராட்சியுடையது, பக்கத்து மனை தனியாருடையது. நடக்கிறவரைப் பற்றிக் கேட்க யாருக்கும் கடமை இல்லை.

மஸ்ஜிட் ஜாமேக் நிலையத்தில் இரண்டு எல்.ஆர்.டி. தடங்கள் சந்திக்கின்றன, ஒன்று தூண்களின் மேல், மற்றது நிலத்தடியில். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுகிறவர் 2011 இறுதி வரை வெளியே வந்து புதிதாக டிக்கெட் எடுத்து உள்ளே போகவேண்டியிருந்தது. இரண்டு தடங்களையும் அரசு 2002இலேயே தன் கைக்குக் கொண்டுவந்துவிட்டது. சொத்து ஒருவர் கைக்கு வந்த பிறகும் கதவைத் திறக்க ஒன்பது ஆண்டு பிடித்திருக்கிறது!

நகரின் மைய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலின் கதை இன்னும் சுவையானது. அது 2001இல் திறந்தது. இரண்டு ஆண்டு கழித்து வந்த மோனோரெயிலின் கடைசி நிலையத்துக்கும் அதே பெயரை வைத்தார்கள். வரைபடத்தில் இரண்டும் ஒரே இடம். காலுக்குத்தான் வேறு இடம். மோனோரெயில் நின்றது துன் சம்பந்தன் சாலையோரத்தில். பெட்டியும் கையுமாக விமான நிலையத்திலிருந்து வந்தவர்கள் வெயிலிலும் மழையிலும் வழி கேட்டுக்கொண்டே நடந்தார்கள். இடையில் கிடந்த மனையில் பேரங்காடி எழும்பி 2014இல் திறந்த பிறகுதான் கூரையுள்ள வழி கிடைத்தது. இன்றும் அங்கே ரயிலுக்கான அம்புக்குறியைக் கடைப் பலகைகளுக்கு நடுவே தேடவேண்டும். அங்காடிக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கட்டியது வாங்க வருகிறவருக்கு.

அந்தச் சுற்றுவட்டாரமான பிரிக்பீல்ட்ஸ் நம்மவர்களுக்குப் பழகிய இடம். ரயில்வே வேலைக்கு வந்த தமிழகத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் குடியிருந்த பகுதி, கே.எல். சென்ட்ரல் நிற்பதே பழைய ரயில்வே யார்டின் மேல்தான். மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக் கோலோடு நடக்கிறவர்களை அந்தத் தெருக்களில் எந்நேரமும் பார்க்கலாம். நடைபாதையில் மஞ்சள் ஓடு பதித்திருக்கும்: நீள வரி என்றால் நேரே போகலாம், புள்ளி என்றால் நிற்கவேண்டும். அந்த வரியின் மேல் மோட்டார் சைக்கிள் நிற்கும், அல்லது சாப்பாட்டுக் கடையின் பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். ஓடு பதிக்க ஒப்பந்தம் போட்டவர்கள், அதன் மேல் வண்டி நிற்காமல் பார்த்துக்கொள்ள யாரையும் நியமித்ததாகத் தெரியவில்லை.

பணம் இல்லை என்ற பேச்சு எனக்கு ஒப்பாது. இதே நகரத்தில் 2012இல் கே.எல்.சி.சி.யிலிருந்து புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் குளிரூட்டிய நடைபாலம் கட்டினார்கள். நல்ல பாலம்தான். கடைவீதிக்குப் போகிறவருக்குக் குளிர்காற்று, பேருந்து பிடிக்கப் போகிறவருக்கு மூடியில்லாத சாக்கடையோரம் என்பதுதான் உறுத்துகிறது. சிங்கப்பூர் 2013இல் அறிவித்து, 2018க்குள் 200 கிலோமீட்டர் கூரையிட்ட நடைவழி போட்டு முடித்தது. எம்.ஆர்.டி. நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் வரை. அங்கே அதற்கென ஒரே ஆணையம் பொறுப்பேற்றது. இங்கு இல்லாதது அந்தப் பொறுப்பு.

தனியார் மனையில் பொதுவழி கேட்பது அத்துமீறல் என்பார்கள். ஆனால் 1822இலேயே ஆங்கிலேய ஆட்சியாளர் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த திட்டத்தில் கடைவீட்டு முகப்பில் கூரையுள்ள நடைவழி கட்டாயம். நிலம் வீட்டுக்காரருடையது, வழி ஊராருடையது. மலாயா நகரங்களுக்கும் அந்த வழக்கம் பரவியது. நிலையத்தை ஒட்டி எழும்பும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதே நிபந்தனையை இன்று விதித்தால் என்ன? உரிமம் தரும்போதே இந்த வழி யார் பொறுப்பு, இரவு கடைசி ரயில் வரை திறந்திருக்குமா என்று எழுதி வாங்கிக்கொள்ளலாமே.

தூரத்தை மீட்டரில் மட்டும் எழுதாதீர்கள் என்று கட்டுரையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 400 மீட்டர் ஐந்து நிமிட நடை என்று நம் நூல்கள் சொல்கின்றன. நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் மூதாட்டிக்கு அது எட்டு நிமிடத்துக்கும் மேல். சாலை கடக்கப் பச்சை விளக்குக்கு நிற்பது, படி ஏறி இறங்குவது, மழைக்கு ஒதுங்குவது எல்லாம் தனிக்கணக்கு. அந்த நிமிடங்களும் பயண நேரத்தில் சேரவேண்டும்.

மாலையில் கே.எல். சென்ட்ரலைச் சுற்றி ஒரு களநடை ஏற்பாடாகியிருக்கிறது. மழை பெய்தாலும் ரத்தாகாது, பெய்தால் நல்லதே. இப்போது முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.