விழுவதற்கு முன்பே தொடங்கும் மீட்பு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போன் செய்து, "பதினைந்து நிமிஷம் ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா, ஆனா யாரையும் தூங்க வெச்சிடாதே" என்றார். நான் இங்கே எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். ஆபத்துக் காலத்தில் உதவி கேட்பதற்கான சிறு ரேடியோக்களைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. அதனால் போர்க்கள மீட்புப் பணிகளைப் பற்றிக் கொஞ்சம் படிக்க நேர்ந்தது. எதிரியின் பகுதியில் விழுந்துவிட்ட விமானியைத் தேடிப் பிடித்து உயிரோடு கொண்டுவருகிற வேலை அது. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சினிமாவில் ஹெலிகாப்டர் வரும், கயிறு இறங்கும், கதாநாயகன் தொங்கிக்கொண்டே போய்விடுவான். நிஜத்தில் ஹெலிகாப்டர் கிளம்புவது கிட்டத்தட்டக் கடைசி வேலை. அதற்கு முன் செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

1972 ஏப்ரல் 2. வியட்நாம் போர். 'பேட் 21' என்ற அழைப்புப் பெயருடன் பறந்த அமெரிக்க விமானத்தை ஏவுகணை தாக்கியது. அதிலிருந்த ஆறு பேரில் பிழைத்தவர் ஒருவர்தான்: லெப்டினன்ட் கர்னல் ஐசீல் ஹாம்பிள்டன், வயது 53. அவர் பாராசூட்டில் இறங்கிய இடமோ, வட வியட்நாம் படை பெரும் தாக்குதல் தொடங்கி முன்னேறி வந்துகொண்டிருந்த பகுதி. கீழே எத்தனை பீரங்கி, எத்தனை ஏவுகணை என்று சரியாகத் தெரியாமலே மீட்பு ஹெலிகாப்டர்கள் போயின. முதல் நாளே ஒன்று விழுந்தது. ஏப்ரல் 6-ஆம் தேதி போன 'ஜாலி கிரீன்' ஹெலிகாப்டரில் இருந்த ஆறு பேரும் மாண்டார்கள். மொத்தம் 11 பேர் உயிரிழந்தார்கள்.

அதன் பிறகு வான் வழியை விட்டுவிட்டு ஆற்று வழியைப் பிடித்தார்கள். ஹாம்பிள்டன் கையிலிருந்த ரேடியோவில் சங்கேத வசதி கிடையாது; பேசுவதை எதிரியும் கேட்கலாம். அவர் கோல்ஃப் பித்துப் பிடித்தவர். அவருக்குப் பழக்கமான கோல்ஃப் மைதானத்தின் பெயரையும் குழியின் எண்ணையும் மட்டும் சொன்னார்கள். அந்தக் குழி எந்தத் திசை, எத்தனை கஜம் என்று அவருக்கு மனப்பாடம். அந்தக் கணக்கிலேயே நடந்து ஆற்றங்கரை சேர்ந்தார். அமெரிக்கக் கடற்படையின் டாம் நாரிஸ், தென் வியட்நாம் வீரர் நுயென் வான் கியெட் ஆகிய இருவரும் மீனவர் வேஷத்தில் சிறு படகில் போய் அவரைக் கொண்டுவந்தார்கள்.

ஒருவருக்காகப் பதினொரு பேரா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. நாம் விழுந்தால் ஆள் வரும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் விமானி பறக்க மாட்டான் என்பது உண்மை. ஆனால் அந்த நம்பிக்கைக்கு வேண்டிய ஏற்பாட்டை முன்கூட்டியே செய்யாமல், மற்றவர் உயிரைக் கொடுத்து அதைக் காப்பாற்றுவது நியாயமா? ஏப்ரல் 6-க்குப் பிறகு ஹெலிகாப்டரை அனுப்பாமல் நிறுத்தினார்களே, அந்த முடிவை எடுக்கவும் ஒரு துணிச்சல் வேண்டும்.

முன்கூட்டிச் செய்வது என்றால் என்ன? முதலில் ஒரு அட்டை. பறப்பதற்கு முன்பே விமானி தன்னைப் பற்றித் தனக்கு மட்டும் தெரிந்த சில விஷயங்களையும், ஒரு நாலு இலக்க எண்ணையும் எழுதிக் கொடுக்க வேண்டும். ரேடியோவில் குரல் வந்தால், அது நம் ஆள்தானா, எதிரி விரித்த வலையா? எண்ணை நேராகக் கேட்க மாட்டார்கள். "முதல் இலக்கத்தையும் மூன்றாம் இலக்கத்தையும் கூட்டிச் சொல்" என்பார்கள். ஒட்டுக் கேட்பவனுக்கு ஒன்றும் புரியாது. விழுந்தால் எந்தப் பக்கம் நடப்பேன், எங்கே ஒளிவேன் என்பதையும் முன்பே எழுதி வைக்க வேண்டும்.

அடுத்து கருவிகள். 'பேவ் ஹாக்' போன்ற மீட்பு ஹெலிகாப்டரில் பறந்தபடியே எரிபொருள் நிரப்பும் குழாய், ஆளைத் தூக்கும் வின்ச், இயந்திரத் துப்பாக்கி, மருத்துவப் பயிற்சி பெற்ற வீரர்கள் எல்லாம் உண்டு. ஆனாலும் ஹெலிகாப்டர் ஓரிடத்தில் நின்று தேடுகிற ஒவ்வொரு நிமிஷமும் ஆபத்து. ஆகவே, கீழே இருப்பவன் தன் இடத்தைத் துல்லியமாகச் சொல்ல முடிந்தால் மேலே இருப்பவர்கள் பிழைப்பார்கள். எல்லாம் கடைசியில் அவன் சட்டைப் பையில் இருக்கும் ரேடியோவில் வந்து நிற்கிறது.

1995 ஜூன் 2-ஆம் தேதி போஸ்னியாவில் ஸ்காட் ஓ'கிரேடியின் எஃப்-16 விமானம் வீழ்த்தப்பட்டது. ஆறு நாள் எறும்பும் இலையும் தின்று, மழை நீரைக் குடித்து ஒளிந்திருந்தார். ரேடியோவைச் சிக்கனமாகப் பயன்படுத்தினார். ஜூன் 8 அதிகாலையில் அவர் குரல் கேட்டதும், "கொரியாவில் எந்தப் படைப்பிரிவில் இருந்தாய்?" என்று கேட்டார்கள். பதில் சரியாக இருந்தது. 'கியர்சார்ஜ்' கப்பலிலிருந்து ஹெலிகாப்டர்கள் கிளம்பின. தரையில் சில நிமிஷம்தான் நின்றன. அதற்குப் பின் வந்த ரேடியோக்களில் ஜி.பி.எஸ்.ஸும், இருக்குமிடத்தைச் சங்கேதமாக ஒரு நொடியில் அனுப்பும் வசதியும் சேர்ந்தன.

அந்தப் பேட்டரி ஆறாம் நாள் வேலை செய்யாமல் போயிருந்தால்? இந்தக் கேள்வி எனக்கு ஏன் உறுத்துகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம். கடலில் போகிறவர்களுக்கான ரேடியோ. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் ஓட வேண்டும். அந்த வாரம் குளிர்ப் பெட்டி ரிப்பேர். மற்ற சோதனைகள் எல்லாம் பாஸ். சரக்கு போக வேண்டிய அவசரம். "நம்ம கடல்ல ஏதுய்யா மைனஸ் இருபது?" என்றார் மேலதிகாரி. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. கையெழுத்துப் போட்டேன். பெட்டி சரியானதும் மனசு கேட்காமல் அதே தொகுதியில் ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஆறு மணி நேரத்தில் நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால், ஸ்டோரில் பழசாகிப் போன செல்கள். குளிரில் முதலில் தெரிந்தது. வெயிலில் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். நானே போய்ச் சொல்லி, அத்தனையையும் திரும்ப வரவழைத்தோம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம்.

தம்பிகளே, தங்கைகளே, நம் லேபில் கிராஃபை முதலில் போட்டுவிட்டு ரீடிங்கைப் பிறகு எழுதுகிற கலையில் நான் ஒரு காலத்தில் பெரிய வித்வான். என் பேராசிரியர் இங்கே முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். சார், உங்களுக்கு அப்போதே தெரியும் என்று நினைக்கிறேன். அந்த அப்சர்வேஷன் நோட்டின் இன்னொரு முனையில் எங்கோ ஒருவன் புதருக்குள் படுத்துக்கொண்டு ரேடியோவை அழுத்துகிறான் என்று அன்று எனக்குத் தெரியாது. இன்று தெரியும். அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்.